ஓதம்: ஜூன், ஜூலைக் குறிப்புகள்

ஜூன் 3

பேச்சு நின்று படுத்திருக்கும் என் வீட்டுக்காரருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினேன். முல்லைப் பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்த செய்தி. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் என்று வழக்கம்போலப் போட்டிருந்தது. அந்த எண்ணை ஒவ்வொரு வருஷமும் பேப்பரைப் பார்க்காமலே சொல்வார். "பதினாலாயிரத்து…" என்று நிறுத்திப் பார்த்தேன். உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

ஜூன் 4

தலைமாட்டுச் சுவரில் ஒரு கை அகலத்துக்கு ஈரம். சாரல் காற்றுதான். ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூன் 7

சாரல் இல்லை. இரண்டு நாளாக நல்ல வெயில், ஈரம் மட்டும் வளர்ந்திருக்கிறது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் டிஸ்டெம்பர் அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. விரல் வைத்ததும் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. பார்த்ததும் அவர் சொல்வது ஞாபகம் வந்தது: சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) போட்டுக் கட்டிய அணையில் ஊறி வரும் தண்ணீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டுதான் வரும், அதனால்தான் கசிவை அளக்க வேண்டும் என்பார். பவர்ஹவுஸில் 31 வருஷம் குழாய்களோடு குடித்தனம் நடத்தியவர். நான் அப்போதெல்லாம் சரி சரி என்று சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

மதினி வந்து பார்த்துவிட்டு, "இது ஓதம், தரையிலிருந்து ஏறுது, ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். மதினிக்கு எதற்குமே ஒன்றும் பண்ண முடியாது.

ஜூன் 8

பெரியவன் ஓசூரிலிருந்து போனில் ஒரு வித்தை சொன்னான். ஒரு அடிச் சதுரத்துக்குச் சமையலுக்கு வைத்திருக்கும் அலுமினியம் பாயிலை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு ஈரச் சுவரில் ஒட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்து, அறையைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தால் காற்றிலுள்ள ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. ஒட்டியாச்சு. ஈரத்தில் டேப் நிற்கவில்லை, காய்ந்த இடம் வரைக்கும் இழுத்து ஒட்டினேன். அவர் திரும்பித் திரும்பி அந்தப் பளபளப்பையே பார்க்கிறார்.

ஜூன் 9

பேசினார்!

"கேட்."

தெளிவாக. இரண்டு தடவை. ஒன்பது வாரத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. ஓடிப்போய் வாசல் கேட்டைப் பார்த்தேன், திறந்துதான் கிடந்தது. மாடு நுழைந்துவிடும் என்று சொல்கிறார். பூட்டிவிட்டு வந்து சொன்னேன். இடது கையால் கட்டிலில் அடித்தார். சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

எல்லாருக்கும் போன் பண்ணினேன்.

ஜூன் 10

பாயிலைப் பிரித்தேன். சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

ஜூன் 11

இன்றும் "கேட்". பூட்டித்தான் இருக்கிறது என்று சாவியைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூன் 12

தரையிலிருந்து ஏறுகிறதா, குழாயிலிருந்து வருகிறதா? இதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு நாள் ஏன் தொட்டியைப் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. மோட்டார் முன்பெல்லாம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை போடுவேன், இப்போது தினமும். ஆளைக் கழுவுவது, துணி அலசுவது என்று செலவு கூடிவிட்டது என்று நானே கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி 10 மணிக்கு எல்லாக் குழாயையும் இறுக்கிவிட்டு, டார்ச்சோடு மொட்டைமாடி ஏறினேன். காய்ந்த மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரைக்கும் இறக்கி எடுத்தேன். ஈரக்கோடு 71 செ.மீ. காலை 5 மணிக்கு 69. ஒரு சொட்டுகூட யாரும் செலவு செய்யவில்லை. பெட்பேனைக்கூட வாளித் தண்ணீரில்தான் கழுவினேன்.

தொட்டியைச் சுற்றிக் கயிறு பிடித்தால் 346 செ.மீ. 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு 110. அப்படியானால் ஒரு செ.மீ. இறங்கினால் 9.5 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். ஏழு மணி நேரத்தில் 19 லிட்டர். அணைக்காரர்கள் மாதிரிச் சொன்னால் நிமிஷத்துக்கு 45 மில்லி. இருமல் மருந்து மூடியில் நாலரை மூடி.

அவரிடம் சொன்னேன், நிமிஷத்துக்கு 45 மில்லி என்று. கண்ணை அகல விரித்தார். அப்புறம் "கேட்" என்றார்.

ஜூன் 13

கேட்டைப் பூட்டினேன். திறந்தேன். பூட்டினேன். எதற்கும் திருப்தி இல்லை. பிஸியோ தம்பி சொல்கிறது, மனசில் ஒன்று இருக்கும், வாயில் வேறு ஒன்று வரும், திருத்தாதீர்கள் அம்மா என்று. சரி, திருத்தவில்லை.

ஜூன் 14

மாடியில் இரண்டு வால்வு. ஒன்று அடுப்படிக்கு, ஒன்று பாத்ரூமுக்கு. இரண்டையும் இறுக்கி மூடிவிட்டு அதே சோதனை. காலையில் பார்த்தால் மறுபடியும் 2 செ.மீ. குறைவு. அப்படியானால் தொட்டியே ஓட்டையா? தொட்டிக்கு அடியில் தட்டோடு எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது. உட்கார்ந்து அழுதேன், கொஞ்ச நேரம்தான். அங்கிருந்து லோயர் கேம்ப் பக்கம் மலையில் பவர்ஹவுஸுக்குத் தண்ணீர் இறங்குகிற அந்த நாலு ராட்சசக் குழாயும் தெரிந்தன. இவ்வளவு பெரிய குழாயெல்லாம் கண்ணுக்கு முன்னால் படுத்திருக்கிறது, என் வீட்டு அரையங்குலக் குழாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. 1998இல் கொத்தனாரோடு நின்று ஒவ்வொரு எல்போவையும் பார்த்துப் பதித்தவர் கீழே படுத்திருக்கிறார்.

பூசுவதற்கு முன்னால் சுவரை ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாம். அப்போது யாரிடம் கேமரா இருந்தது.

ஜூன் 15

பெரியவன் அனுப்பிய பார்சல் வந்தது. ஊறுகாய் பாட்டில் மூடி அளவில் நாலு வெள்ளை வட்டுகள். அடியில் இரண்டு உலோகப் பொட்டு. தண்ணீர் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் கரண்ட் ஓடிக் கத்தும், அவன் போனுக்கும் சேதி போகும். எச்சில் விரலை வைத்துப் பார்த்தேன். வீடே அதிரக் கத்தியது. அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது, ஆனால் சிரிப்புதான்.

ஒன்று சிங்க்குக்கு அடியில், ஒன்று வாஷிங் மெஷினுக்குப் பின்னால், ஒன்று பாத்ரூம் வாசலில், ஒன்று கட்டிலுக்கு அடியில் ஈரச் சுவரை ஒட்டி.

ஜூன் 16

கட்டிலடி வட்டு வாயே திறக்கவில்லை. ஒரு முழத்தில் சுவர் ஊறிப்போய் நிற்கிறது, இது சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. பெரியவனிடம் கேட்டால், "அம்மா, தண்ணி அதைத் தொட்டாத்தான் அதுக்குத் தெரியும், சுவருக்குள்ள அது எப்படிப் பார்க்கும்" என்கிறான். அப்படியானால் எதற்கு வாங்கினாய்? சுவருக்குள் பார்ப்பதற்கு வெப்பக் கேமரா உண்டாம். தண்ணீரைப் பார்க்காது, ஈரம் ஆவியாகிற இடம் குளிர்ந்திருக்கும், அந்தக் குளிர்ச்சியை நீலமாகக் காட்டுமாம். மதுரையிலிருந்து ஆள் வரச் சொல்லவா என்றான். புறங்கையை வைத்தாலே எனக்குத் தெரிகிறது எங்கே குளிர்ச்சி என்று. எங்கே ஈரம் என்பதா கேள்வி? எங்கிருந்து என்பதுதான்.

ஜூன் 17

குமுளியிலிருந்து பிளம்பர் சேட்டன் வந்தார். சுவரைத் தட்டினார். நீளக் கம்பியின் ஒரு முனையைச் சுவரில் ஊன்றி, மறு முனையில் காதை வைத்து டாக்டர் மாதிரிக் கேட்டார். "சேச்சி, வெள்ளம் எவிடெயோ போகுன்னுண்டு" என்றார். நாற்பது வருஷமாக இந்த எல்லையில் இருக்கிறேன், அவர்கள் தண்ணீரைத்தான் வெள்ளம் என்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும், இருந்தாலும் அந்த வார்த்தையைக் கேட்டால் ஒரு நொடி அடிவயிறு கலங்கும். மலைக்கு அந்தப் பக்கம், அணைக்குக் கீழே இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் நினைத்துக்கொள்வேன்.

மாடித்தொட்டித் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு, அதனால் கசிகிற சத்தம் சரியாகக் கேட்காது என்றார். மோட்டார் வைத்து அழுத்தி விடுகிற லைன் என்றால் உஸ்ஸென்று கேட்குமாம். கைப்பம்பும் அழுத்தம் காட்டும் கடிகாரமும் கொண்டுவந்து பாத்ரூம் லைனை அடைத்து 5 கிலோ அழுத்தம் ஏற்றினார். அரை மணி நேரம். முள் அசையவில்லை. அடுப்படி லைனும் அப்படியே. இரண்டும் சுத்தம். அப்புறம் எங்கே போகிறது? நாளை மறுநாள் வருகிறேன் என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

தண்ணீர் கசிந்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு வாங்கலாம் என்கிறான் பெரியவன். நிமிஷத்துக்கு 45 மில்லிக்கெல்லாம் சக்கரம் வைத்த மீட்டர் சுற்றவே சுற்றாது என்று சேட்டன் சொன்னதைச் சொன்னேன். சக்கரம் இல்லாததும் இருக்காம். எல்லாமும் இருக்கும்.

ஜூன் 18

அணைக்குக் கண்காணிப்புத் துணைக்குழு வந்துபோன செய்தி. அணைக்குள்ளே இருக்கிற கேலரி சுரங்கத்தில் கசிவை அளந்திருக்கிறார்கள், நீர்மட்டத்துக்கு ஏற்ற அளவில்தான் இருக்கிறதாம். 1895இல் கட்டி முடித்தது. ஊறத்தான் செய்யும். ஊறுகிறது என்பதை யாரும் மறைக்கவில்லை, அளந்து எழுதி வைக்கிறார்கள். நீர்மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறினால்தான் பயப்பட வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். இதை வாசித்தபோது தலையை ஆட்டினார்.

தூக்கமில்லை. 71, 69. 70, 68. குச்சியைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே சாத்தி வைத்திருக்கிறேன்.

ஜூன் 19

எழுதக் கை நடுங்குகிறது.

சேட்டன் அறைக்குள் நின்று சுவரைப் பார்த்தபடி, "இதுக்கு மேலே வேற லைன் உண்டோ? அதுக்கு கேட் வால்வு எவிடெ?" என்றார்.

கட்டிலில் டமாரென்று ஒரு அடி. இடது கை. திரும்பினேன். "கேட்" என்றார். அடித்தார். "கேட். கேட்." அடி அடி அடி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. நான் பத்து நாளாக வாசல் கேட்டைப் பூட்டிப் பூட்டித் திறந்துகொண்டிருந்திருக்கிறேன். சாவியை வேறு முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன்.

"கேட் வால்வா?" என்று கேட்டேன். கையை மேலே தூக்கினார். விட்டத்தைக் காட்டி, அப்புறம் மூலையை.

மாடியில் தென்மேற்கு மூலையில் பழைய தட்டோடு அடுக்கி, அதன்மேல் கற்பூரவல்லித் தொட்டி. நான்தான் வைத்தது. சேட்டனும் நானும் ஓடுகளை எடுத்தோம். அடியில் ஒரு ஜிஐ இரும்புக் குழாய், துருப்பிடித்த சக்கரத்தோடு வால்வு. மாட்டுக் கொட்டகைக்குப் போன லைன். 2009இல் மாட்டை விற்றோம், கொட்டகையைப் பிரித்தோம், குழாய் நுனியில் மூடியைப் போட்டு மண்ணைத் தள்ளினோம். தண்ணீர் மட்டும் இத்தனை வருஷம் அதற்குள் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. இறங்குகிற வழி அவர் தலைமாட்டுச் சுவர்.

சக்கரம் திரும்பவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பேனர் போட்டதும் தண்டு கையோடு வந்துவிட்டது. தொட்டியைக் காலி செய்து, மேலேயே அறுத்து எண்ட் கேப் போட்டார். அறுத்த துண்டைக் கீழே கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன். உள்ளே துரு கட்டி, ஓட்டை பென்சில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இடது கையில் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 20

70. 70.

ஜூன் 21

70. 70. சேட்டன் கூலி வாங்க மாட்டேன் என்று கொஞ்ச நேரம் அடம்பிடித்தார், வாங்கிக்கொண்டார். பன்னீர் திராட்சை ஒரு பை கொடுத்துவிட்டேன்.

ஜூன் 25

சுவர் காய மாதக்கணக்கில் ஆகுமாம். காய்கிறதற்கு முன்னால் பெயிண்ட் அடித்தால் மறுபடியும் உப்பும். உப்பிய காரையைச் செங்கல் வரைக்கும் கொத்தி எடுத்துவிட்டார்கள். தூசிக்காகக் கட்டிலை நடு வீட்டுக்கு மாற்றினோம். அங்கிருந்து தெரு தெரிகிறது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளை விடிகாலையில் பார்க்கிறார்.

ஜூன் 28

"கேட்"டுக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. சுவர், குழாய், தண்ணி, என் பெயர், எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "கேட்" என்றுகூட இப்போது சொல்வதில்லை.

ஜூலை 2

நடுராத்திரி 2 மணிக்கு வட்டு கத்தியது. எழுந்து ஓடிவந்தால் மூத்திரப் பை கழன்று தரையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. துடைக்கும்போதே ஓசூரிலிருந்து போன்: "அம்மா எந்தக் குழாய்?" என்ன சொல்வது. "அப்பா குழாய்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சொல்லியிருக்கக் கூடாது.

ஜூலை 5

காற்றுக்கு நாள் பூரா கரண்ட் இல்லை. மோடம் செத்துப்போனால் வட்டு இங்கே கத்தலாம், ஓசூருக்குச் சேதி போகாது. பரவாயில்லை, நான் இருக்கிறேன்.

ஜூலை 8

கசிவு நின்றுவிட்டது, குச்சியை விட்டுவிடு என்கிறாள் மதினி. விட முடியவில்லை. ராத்திரி 10, காலை 5. மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் நான் தனியாக இருக்கிறேன்.

ஜூலை 11

அணை ஏறுகிறது. 136 அடி வந்தால் அந்தப் பக்கம் கேரளாவுக்கு முதல் தகவல் போகும். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

ஜூலை 12

சுவரில் செங்கல் நிறம் மாறியிருக்கிறது, மேல் வரி மூன்றும் வெளுத்துவிட்டன. கீழ் வரி இன்னும் கறுப்பு. புறங்கைக்குக் குளிர்ச்சி.

68. 68. பிஸியோ தம்பி இன்று வரவில்லை.