முதலடி இல்லாத பாட்டை எப்படிப் பதிவது? ஒரு நாகஸ்வர வீட்டு நோட்டுகளைப் பட்டியலிட்ட அனுபவம்

காவிரிப் படுகையில் நாகஸ்வரமும் நட்டுவாங்கமும் தலைமுறையாகத் தொழிலாக இருந்த வீடுகளில் இசைக் கையெழுத்து நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. பரணில், டிரங்குப் பெட்டியில், சாமி அலமாரிக்கு அடியில். பாட்டன் எழுதியது, அவருக்கு அவருடைய குரு சொல்லக் கேட்டு எழுதியது என்று கலந்து கிடக்கும். கும்பகோணத்துக்குத் தெற்கே அப்படி ஒரு குடும்பத்தின் நோட்டுகளை நானும் ஒரு நண்பரும் படித்துப் பட்டியல் போட்டோம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் காலம் பார்த்துப் போக வேண்டும். தை, வைகாசி, ஆவணி என்றால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், அடுத்தடுத்து முகூர்த்தம். நாங்கள் ஆடியில் போனோம். அம்மன் கோயில் கச்சேரிகள் தவிர வேறு வேலை இல்லாததால் பெரியவர் பொறுமையாக உட்கார்ந்து பேசினார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஒன்று சொல்லிவிட்டார்: "நோட்டை வெளியில எடுத்துட்டுப் போகக்கூடாது தம்பி. எங்க அப்பா காலத்துல ஒருத்தர் வாங்கிட்டுப் போனார், இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரல." அவர் கேட்டது முழுக்க நியாயம். எந்த நோட்டும் வாசலைத் தாண்டாது, படங்களில் ஒரு பிரதி வீட்டுக்கே, அவரைக் கேட்காமல் எதையும் வெளியிடுவதில்லை என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அதற்கு அப்புறம்தான் பெட்டி கீழே இறங்கியது.

உள்ளே இருந்தது பாட்டு மட்டும் இல்லை. ஒரு பக்கத்தில் தோடி வர்ணம். அடுத்த பக்கத்தில் எந்த ஊர்க் கல்யாணம், அட்வான்ஸ் எவ்வளவு, தவில்காரருக்கு எவ்வளவு, சுருதிக்கு ஒத்து ஊதும் ஒத்துக்காரருக்கு எவ்வளவு என்ற செட்டுக் கணக்கு. அதற்குப் பின்னால் இருமலுக்குக் கஷாயம். கணக்கை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்தால் போதும் என்று எங்களிடம் சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நோட்டின் காலத்தைச் சொல்வது பெரும்பாலும் அந்தக் கணக்குதான்.

ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் 'விகாரி வருஷம் ஆடி மாதம்' என்று இருந்தது. தமிழ் ஆண்டுகள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வருபவை. விகாரி என்றால் 1899–1900 ஆகவும் இருக்கலாம், 1959–60 ஆகவும் இருக்கலாம். வெறும் வர்ணத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஆனால் அதே மையில், அதே கையில் எழுதிய கணக்கு ரூபாய், அணா, பை என்று ஓடுகிறது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அதற்குப் பிறகும் ஜனங்கள் பேச்சில் அணா சொன்னார்கள்தான். ஆனால் கணக்கில் பை வரை எழுதியிருக்க மாட்டார்கள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது தெரிந்த நீரோட்டக் குறியும் பழைய காகிதம் என்றே காட்டியது. 1899 என்று பென்சிலில் குறித்து, ஏன் அப்படி முடிவு செய்தோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதினோம். காரணம் எழுதாத தேதியைப் பின்னால் வருபவர் நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

படம் எடுப்பது எளிதான பகுதி. நல்ல பகல் வெளிச்சம், ஓரத்தில் ஒரு அளவுகோல், நடுங்காத கை, ஒரு செல்போன் போதும். நோட்டுகள் பெட்டியில் இருந்த வரிசையைக் கலைக்கும் முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்ட தாளைப் பிரிக்காதீர்கள், கிழிந்ததில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஒரே ஒரு ஓலைக்கட்டு இருந்தது. அதை நாங்கள் தொடவில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறையே இருக்கிறது. ஓலையைத் துடைப்பதும் எழுத்துக்கு மை ஏற்றுவதும் பழகிய கைகள் செய்ய வேண்டியவை.

படிப்பதுதான் கஷ்டம். பழைய கையில் புள்ளி இல்லை. ரகரமும் காலும் (ா) ஒன்றுபோல இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. தெலுங்குச் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதால் ஒரே 'க' நான்கு ஒலிக்கு நிற்கும். ஸ்வரத்தில் மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயிப் புள்ளிகளும் இல்லை. தெரிந்தவருக்குத் தேவையில்லை என்று விட்டிருக்கிறார்கள். பெரியவர் தாளம் போட்டுப் பாடிக் காட்டிய பிறகுதான் பல வரிகள் நிமிர்ந்தன. அவர் பாடியதை நோட்டில் உள்ளதாகப் பதியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். 'நோட்டில் உள்ளபடி' என்று ஒரு பத்தி, 'பாடிக் காட்டியபடி' என்று தனியாக இன்னொரு பத்தி.

எங்களை உண்மையிலேயே நிறுத்தி வைத்தது மல்லாரி. கீர்த்தனையைப் பல்லவியின் முதலடியை வைத்து அகரவரிசையில் அடுக்குவது பழக்கம். மல்லாரிக்குச் சாகித்தியமே கிடையாது. சுவாமி புறப்படும்போது வாசிப்பது. பெரும்பாலும் கம்பீரநாட்டையில் இருக்கும். காலப்பிரமாணம், அதாவது வேகம், மாற்றி மாற்றி வாசிப்பார்கள். சின்ன மல்லாரி, பெரிய மல்லாரி, தேர் மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி என்று சந்தர்ப்பத்தைப் பொறுத்துப் பெயர். நோட்டில் 'மல்லாரி' என்று மட்டும் தலைப்புப் போட்டு வரிசையாகப் பல இருந்தன. முதலடிப் பட்டியலில் அவை அத்தனையும் ஒரே பெயரில் ஒரே வரியாகப் போய்விடும். கோயில் நாகஸ்வர மரபின் முதுகெலும்பே காணாமல் போகும்.

இதற்கு வழி தேடியபோது இரண்டு விஷயங்கள் கைகொடுத்தன. ஒன்று, ஐரோப்பாவில் 1952 முதல் நடந்துவரும் ரிஸ்ம் என்ற பன்னாட்டு இசைச்சுவடிப் பட்டியல். அதில் பாட்டின் தொடக்க ஸ்வரங்களையே அடையாளமாகப் பதிகிறார்கள். இன்னொன்று நம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் ஷாஹஜி (ஆட்சி 1684–1712) காலத்து ஆலாபம், டாயம், கீதம், பிரபந்தம் என்ற பழைய இசை வகைகளின் தொகுப்புகள் உண்டு. ஆலாபத்துக்கும் டாயத்துக்கும் சாகித்தியம் இல்லை; ராகத்தின் பெயரில்தான் நிற்கின்றன. சொல் இல்லாத இசையையும் எழுதி வைக்க வேண்டும் என்று முந்நூறு வருடத்துக்கு முன்பே இதே மண்ணில் நினைத்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய தைரியம் தந்தது.

எனவே ஒவ்வொரு மல்லாரிக்கும் ராகம், தாளம், எடுப்பு (தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறது), முதல் ஆவர்த்தத்தின் (தாளத்தின் ஒரு சுற்றின்) ஸ்வரங்கள், எந்தச் சந்தர்ப்பத்துக்கு என்பதைப் பதிந்தோம். எடுப்பை விடவே கூடாது. ஒரே ஸ்வரக்கோவை சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், எடுத்தால் ஒன்று, தள்ளி எடுத்தால் வேறொன்று. ஒரு பக்கத்தில் தலைப்பு 'நாட்டை' என்று மட்டும் இருந்தது. ஸ்வரங்களில் ரிஷபம் எங்கும் வரவில்லை; கம்பீரநாட்டையில்தான் அது வராது. ஆனாலும் ராகம் என்ற இடத்தில் நோட்டில் உள்ள 'நாட்டை'யையே வைத்து, எங்கள் கருத்தைக் குறிப்பில் போட்டோம்.

ராகப் பெயரைத் திருத்தாமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேளம் எனப்படும் தாய் ராகங்களில் 20ஆவதை நாரீரீதிகௌளை என்பவரும் உண்டு, நடபைரவி என்பவரும் உண்டு. 28க்கு ஹரிகேதாரகௌளை, ஹரிகாம்போஜி. முதல் வகைப் பெயர்கள் முத்துசாமி தீட்சிதர் வழியில் வருபவை. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அந்த முறையில்தான் அமைந்தது. ஒரு நோட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது எழுதியவர் எந்த வழியில் கற்றார் என்பதற்கான தடயம். இன்றைய வழக்குக்கு மாற்றிவிட்டால் அந்தத் தடயம் அழிந்துவிடும்.

சரஸ்வதி மகாலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, மராத்தி என்று சுவடிப் பட்டியல்கள் மொழிவாரியாகத் தனித்தனி. இசை நான்கிலும் பரவிக் கிடக்கிறது. துளஜா மன்னரின் சங்கீத சாராமிருதம் சமஸ்கிருதம். ஷாஹஜியின் பல்லகி சேவா பிரபந்தம் தெலுங்கு. இரண்டாம் சரபோஜி நாட்டியத்துக்கு எழுதியவை மராத்தி. இசை என்ற தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி கிடைக்காது. நாடகம், நாட்டியம், குறவஞ்சி எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதிக்கொண்டு போனால் வேலை வேகமாக நடக்கும்.

கடைசியில் ஒரு சங்கடம் வந்தது. நாகஸ்வரத்துக்கே உரிய ரக்தி என்ற வாசிப்பு வகையை எழுதிய சில பக்கங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்றார் பெரியவர். அது தன் குடும்பத்துக்கு மட்டும் என்று குரு சொல்லிக் கொடுத்ததாம். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதைக் காக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பட்டியலில் அந்தப் பக்கங்கள் இல்லாததுபோல் விடவும் இல்லை. நோட்டு எண், பக்க எண், 'ரக்தி, கை 2 (இரண்டாவது கையெழுத்து), பார்த்தோம், குடும்ப விருப்பப்படி படம் எடுக்கவில்லை' என்று அவர் எதிரிலேயே எழுதிப் படித்துக் காட்டினோம். சரி என்றார். அச்சிட்ட பட்டியல் ஒன்றும் ஹார்டு டிஸ்க் ஒன்றும் இப்போது அவர்கள் வீட்டில் இருக்கின்றன. அவருடைய மருமகன் தன் அப்பா வீட்டிலும் ஒரு பெட்டி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்; அடுத்த ஆடியில் அங்கே போகிறோம்.