இருபதாயிரத்துக்குள் ஒரு மினி டில்லர்: மூன்று மாத அலைச்சல்

ஆனேக்கல் பக்கம் என் மாமனார் விட்டுப்போன 5 குண்டே நிலம் இருக்கிறது, நம்மூர்க் கணக்கில் 12.5 சென்ட். பெங்களூரு ஈஜிபுரத்திலிருந்து ஞாயிறுதோறும் போய்க் கத்தரி, தக்காளி, அவரை என்று போடுகிறோம். உள்ளே போகும் பாதை நாலடிதான், நடுவில் மாவும் சப்போட்டாவும். டிராக்டர் திரும்பாது. மண்வெட்டி பிடித்துப் பிடித்து என் கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான் மண் கிளறும் மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தோம். கையில் 20,000 ரூபாய். கடைசியில் அதற்குள் நல்ல மெஷினே கிடைத்தது. ஆனால் அதற்கு முன் இரண்டு நாள் லீவும் தனியாக 3,200 ரூபாயும் வீணாகப் போயின. அது இன்னும் உறுத்துகிறது.

முதலில் ஒன்று. கடையில் போய் ‘ரோட்டவேட்டர்’ என்று கேட்காதீர்கள், டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவதைக் காட்டுவார்கள். ‘பவர் டில்லர்’ என்றால் சேற்று வயலில் ஓடுகிற பெரிய வண்டி. நமக்கு வேண்டியது கையால் பிடித்து ஓட்டுகிற சின்ன மெஷின், அதன் பெயர் பவர் வீடர் அல்லது மினி டில்லர்.

அந்த 3,200 ரூபாய் போன கதை இது. வீட்டில் ஏற்கெனவே புல் வெட்டும் பிரஷ் கட்டர் இருந்தது. அதன் பிளேடைக் கழற்றிவிட்டு டில்லர் அட்டாச்மென்ட் மாட்டினால் போதும், மண் கிளறிவிடும் என்று ஆன்லைனில் ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். வாங்கினேன். வந்தது 28 மி.மீ. குழாய்க்கானது, எங்களுடையது 26 மி.மீ. மாற்றி அனுப்ப இரண்டு வாரம். வாங்குவதற்கு முன் குழாயை அளந்து, உள்ளே இருக்கும் கம்பியின் பற்களையும் எண்ணிக்கொள்ளுங்கள், அதிலும் வித்தியாசம் உண்டு. சரி, பொருந்தியது வந்த பிறகாவது வேலை செய்ததா? எங்கள் செம்மண்ணில் அது இரண்டு அங்குலம் கூட இறங்கவில்லை. துள்ளித் துள்ளிக் குதித்தது. பத்து நிமிடத்தில் கியர் ஹெட் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது, என் தோள் இரண்டு நாள் வலித்தது. திருப்பி அனுப்பலாம் என்றால், “மண் பட்டிருக்கிறது, பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம்” என்று பதில் வந்தது. மண்ணில் வைக்காமல் மண் கிளறும் சாமானை எப்படித்தான் சோதிப்பது? ஏற்கெனவே பொலபொலவென்று இருக்கும் பாத்திக்கு அது ஆகலாம். கெட்டி மண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

லீவு போனது மானியத்துக்கு. விவசாய மெஷின் வாங்க மத்திய அரசு உதவும் ஸ்மாம் திட்டத்தில் பெண்களுக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் 50 சதவீதம் வரை மானியம் உண்டு என்று கேள்விப்பட்டு, பஹணி (நம்மூர்ப் பட்டா, சிட்டா மாதிரி நிலப் பதிவு), ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் எடுத்துக்கொண்டு விவசாய ஆபீசுக்குப் போனேன். போட்டோ வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றார் அங்கிருந்தவர். மறுநாள் போட்டோவோடு போனால், ‘ஃப்ரூட்ஸ்’ என்ற கர்நாடக விவசாயிகள் பதிவில் உங்கள் பெயருக்கு எஃப்ஐடி என்ற விவசாயி அடையாள நம்பர் இல்லை, பஹணி இன்னும் மாமனார் பெயரில்தானே இருக்கிறது, முதலில் பௌதி காத்தா, அதாவது இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றம், செய்துகொண்டு வாருங்கள் என்கிறார். காகிதம் சரியில்லாதது எங்கள் தப்புதான். ஆனால் அந்தப் பஹணியை அவர் முதல் நாளும் கையில் வாங்கிப் பார்த்தார். அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும். தவிர, அங்கே பேச்சில் வந்ததெல்லாம் 7 எச்பி மெஷின்கள். எழுபது, எண்பது கிலோ எடையை நாங்கள் இரண்டு பேர் தூக்கவும் முடியாது, மானியம் போக மிச்சம் கட்டவும் வழியில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை முழுக்க பெங்களூரில் மெஷின் கடைகள் இருக்கும் எஸ்.ஜே.பி. ரோடு. ஒரு கடையில் 63 சிசி டூ ஸ்ட்ரோக் மெஷினைக் காட்டி “5 எச்பி மேடம்” என்றார்கள். குனிந்து மெஷினில் இருந்த விவரப் பிளேட்டைப் படித்தேன்: 2.2 கிலோவாட். அதை 0.746-ஆல் வகுத்தால் 3 எச்பிகூட வரவில்லை. எஸ்டிமேட்டில் ஜிஎஸ்டி 12 சதவீதம் என்று போட்டிருந்தது. 2025 செப்டம்பர் 22-லிருந்து உழவு மெஷின்களுக்கு 5 சதவீதம்தான் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் வேறு எழுதிக் கொடுத்தார்கள். அந்த வகையில் எனக்கு சந்தோஷம். ஆனால் ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னால், பெட்ரோல் ஊற்றினால் புதுசு என்று விற்க முடியாது என்றார்கள். கியர் பாக்ஸ் உடைந்தால் பாகம் கிடைக்குமா என்றதற்கு, “வரவழைத்துத் தருவோம்.” எங்கிருந்து, எத்தனை நாளில் என்பதற்குப் பதில் இல்லை. வெளியே வந்துவிட்டேன்.

எங்களைக் காப்பாற்றியவர் பிரஷ் கட்டரைச் சரிசெய்யப் போன இடத்தில் இருந்த கிருஷ்ணகிரித் தம்பி. அட்டாச்மென்ட் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அக்கா, எச்பிய விடுங்க. நீங்களும் மாமாவும் சேந்து தூக்கி கார் டிக்கில வைக்க முடியுமா, அத மொதல்ல பாருங்க. அப்புறம் பாகம் என்கிட்ட கெடைக்குமான்னு கேளுங்க.” கனகபுரா ரோட்டில் ஒரு வயதான தம்பதி தோட்டத்தை விட்டு ஃபிளாட்டுக்குப் போவதாகவும், அவர்களிடம் 2 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் மெஷின் இருப்பதாகவும் சொன்னார். கேட்ட விலை 22,000.

பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள்: போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். எங்களுக்கு முன்பே அவர்கள் ஓட்டி வைத்திருந்தார்கள், சூடாக இருந்தது. தப்பான எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க, காபி குடித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஆறிய இன்ஜின் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கத்திகள் சுற்றும் தண்டைப் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் இல்லை. ஆனால் சீல் ஓரத்தில் ஆயில் கசிவு, கத்திகள் நன்றாகத் தேய்ந்திருந்தன. அவர்கள் தோட்டத்திலேயே ஒரு சால் ஓட்டிப் பார்த்துவிட்டு, இரண்டையும் காட்டி 17,500-க்குப் பேசி முடித்தோம். சீல் 180, புதுக் கத்தி செட் 1,400. மொத்தம் 19,080 ரூபாய்! பெட்ரோலை வடித்துவிட்டு எங்கள் காரிலேயே ஏற்றி வந்தோம்.

முதல் ஞாயிறு மெஷின் கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி முன்னால் ஓடியது. பின்னால் இருக்கும் கம்பியை மண்ணில் ஊன்றும்படி கைப்பிடியை அழுத்த வேண்டும், அப்போதுதான் ஓட்டம் அடங்கிக் கத்தி கீழே இறங்கும். அதைப் பழக ஒரு மணி நேரம் ஆனது. காய்ந்த செம்மண்ணில் ஓட்டவே கூடாது. மழை பெய்து இரண்டு நாள் கழித்து, உருண்டை பிடித்துப் போட்டால் உதிர்கிற பதத்தில் ஓட்டினால் முதல் சாலில் 3 அங்குலம், மறு சாலில் 6. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறோம். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் வாரக்கணக்கில் தேங்கினால் கார்புரேட்டரைக் கெடுக்கும் என்று தம்பி எச்சரித்திருக்கிறார்.

கிழக்கு மூலையில் மட்டும் மெஷினை விடுவதில்லை. அங்கே கோரை இருக்கிறது. கிழங்கை வெட்டி இழுத்துப்போய்த் தோட்டம் முழுக்க நட்டதாகிவிடும். அந்த மூலைக்கு இன்னும் களைக்கொத்துதான், ஒவ்வொரு கிழங்காகத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.