மூத்த நண்பர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

75, 80 வயதைத் தொட்ட நண்பர் வீட்டுக்குப் போகத் தோதான நேரம் காலை 10 மணிக்கு மேல். குளித்துச் சாப்பிட்டு மாத்திரையும் போட்டிருப்பார். மதியத்தில் கண் சொக்கும். மறதி நோய் இருந்தால் பொழுது சாயும்போது குழப்பமும் பதற்றமும் கூடும். முக்கால் மணி நேரம் போதும். அலுப்பை அடக்கிக்கொண்டு நம்மை உட்காரச் சொல்வார்கள், நாம்தான் எழுந்துகொள்ள வேண்டும்.

முதுமையில் காது முதலில் இழப்பது கீச்சென்ற ஒலிகளை. அதனால் குரல் கேட்கும், 'ஸ', 'த', 'க' போன்ற மெய்யொலிகள் மங்கிச் சொல் விளங்காது. கத்தினால் இரைச்சல்தான் கூடும். டிவியை அணைத்துவிட்டு, நம் முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே உட்கார்ந்து, எப்போதும் பேசும் குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். "என்னைத் தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவருக்கு வைக்கும் பரீட்சை. யார், எந்த வகையில் பழக்கம் என்று நீங்களே சொல்லிக்கொண்டு உள்ளே நுழையுங்கள்.

என்ன வாங்கிப் போவது என்பதை வீட்டில் பார்த்துக்கொள்பவரிடம் முன்னதாகக் கேட்டுவிடுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் வாழைப்பழமும் ஆபத்தாகலாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பைத் தடுமாற வைக்கும். பக்கவாதம் வந்தவருக்குக் கெட்டியான உணவைவிடத் தண்ணீரும் காபியும் எளிதில் புரையேறும். நம் கையால் ஊட்ட ஆசைப்படக் கூடாது.

இதெல்லாம் சுலபம். "இன்னும் எத்தனை நாளைக்கோ" என்று அவர் சொல்லும் கணம்தான் கடினம். "நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்று நம் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறோம். ஆனால் அவர் திறந்த கதவு அங்கேயே சாத்தப்படுகிறது. மகனிடம் சொன்னால் அழுவான், மனைவியிடம் சொன்னால் பயப்படுவாள் என்று நண்பரிடம் சொல்ல வந்த பேச்சு அது. "எதை நினைச்சு சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மௌனம் நீண்டால் நீளட்டும்.

பெரும்பாலும் அவர் கவலை மரணத்தைப் பற்றியதாக இராது. குழாயும் ஊசியுமாக ஐசியூவில் தனியாகக் கிடக்க நேருமோ என்பதாக இருக்கும். அதற்கு வழி உண்டு. மீள முடியாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரத்துக்கு 'லிவிங் வில்' என்று பெயர். 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023இல் அது எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து, அவ்வளவுதான். தனக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரை அதில் எழுத வேண்டும். ஒருவருக்கு மேல் எழுதலாம். பீரோவில் பூட்டி வைத்தால் பயனில்லை. அந்த ஆட்களிடமும் குடும்ப மருத்துவரிடமும் பிரதி இருக்க வேண்டும்.

சொத்துக்கான உயில் வேறு. வெள்ளைத்தாளில் எழுதி அவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் செல்லும், பதிவு கட்டாயமில்லை. சொத்து பெறுபவரையே சாட்சியாக்குவது பின்னால் வம்பு.

கண்தானம் செய்ய விரும்பினால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எடுப்பதற்கு 6 மணி நேரம்தான் உண்டு, அழுகைக்கு நடுவே யாருக்கும் நினைவு வராது. இமையை மூடி ஈரப்பஞ்சு வைப்பது, ஃபேனை நிறுத்துவது, தலையணையால் தலையை உயர்த்துவது ஆகியவற்றையும் சொல்லி வையுங்கள். கண்புரை அறுவை செய்தவரும் தரலாம்.

கிளம்புமுன் ஒன்று கேளுங்கள்: "யாரையாவது பார்க்கணும்னு இருக்கா?" பேச்சு விட்டுப்போன தம்பி, பங்காளி, பழைய சிநேகிதர் என்று ஒரு பெயர் வரலாம். எதிர்முனையில் இருப்பவரிடம் முதலில் தனியாகப் பேசிச் சம்மதம் வாங்குங்கள். திடீரென்று போனைக் கொடுத்தால் இருவரும் தடுமாறிப் போவார்கள். பிறகு வீடியோ அழைப்பில் இணைத்து, சத்தத்தைக் கூட்டி, அவர் முக உயரத்துக்குப் போனைச் சாய்த்து வையுங்கள். பேச ஆரம்பித்ததும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுங்கள்.