128 எம்பி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மாசக் கடைசியில் ஸ்டாக் ரிப்போர்ட் வர நாலு நிமிஷம் ஆகிறது என்று அக்கவுண்ட்ஸ் அக்கா கூப்பிட்டார். "புது சர்வர் வாங்கோணுமா தம்பி?" குரலிலேயே பயம்.

போய்ப் பார்த்தால் 32 ஜிபி ராம் மெஷின். போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் நிறுவியபடியே கிடக்கிறது: ஷேர்டு பஃபர்ஸ் (டேட்டாவை ராமில் வைத்துக்கொள்ளும் இடம்) 128 எம்பி, வொர்க் மெம் (வரிசைப்படுத்துவது போன்ற வேலைக்கான ராம்) 4 எம்பி. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் ஓட்டியதும் 'எக்ஸ்டெர்னல் மெர்ஜ்' என்று ஒரு வரி. வரிசைப்படுத்த 4 எம்பி பத்தாமல் டிஸ்கில் எழுதி எழுதிப் படித்திருக்கிறது, பாவம். அந்த ரிப்போர்ட்டுக்கு மட்டும் வொர்க் மெம்மை 256 எம்பி ஆக்கினேன் (எல்லாருக்கும் ஏற்றிவிடாதீர்கள், ஒவ்வொரு ஸார்ட்டும் தனித்தனியாக அந்த அளவு வரை எடுத்துக்கொள்ளும்). அப்புறம் ஷேர்டு பஃபர்ஸுக்கு ராமில் கால் பங்கு, 8 ஜிபி. ரீஸ்டார்ட். அரை நிமிஷத்துக்குள் ரிப்போர்ட். அக்கா முகத்தைப் பார்த்திருக்கணும்!

ராம் எவ்வளவு, எஸ்எஸ்டியா, எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்று நிறுவும்போதே போஸ்ட்கிரெஸ் கேட்டால் என்ன? பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர் எதற்குக் கான்ஃபிக் ஃபைலைத் திறக்க வேண்டும்? இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 8.0-இல் இன்னோடிபி டெடிகேட்டட் சர்வர் என்று ஒரு செட்டிங் உண்டு. 4 ஜிபிக்கு மேல் ராம் இருந்தால் முக்கால் பங்கை பஃபர் பூலுக்கு (ஷேர்டு பஃபர்ஸ் மாதிரி) தானே ஒதுக்கிவிடும். அதுவும் நாமாகத் தேடிப் போய் ஆன் பண்ணினால்தான்.