கண்ணுக்குத் தமிழ், காதுக்கு உளறல்: பள்ளி நோட்ஸ் வாங்கிய கதை

என் பையனுக்கு முழுமையாகவே பார்வை இல்லை. எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் சாதாரணப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, சேர்க்கை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது நோட்ஸில்தான்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தமிழ் நோட்ஸ் பிடிஎஃப்பாக வரும். அவன் லேப்டாப்பில் என்விடிஏ வைத்துக் கேட்பான். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் இலவச மென்பொருள், தமிழும் வாசிக்கும். இந்த நோட்ஸைத் திறந்தால் மட்டும் ஒரே உளறல். எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டால், 'அம்மா' இருக்கும் இடத்தில் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். பார்க்கத்தான் அது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து.

பள்ளி அலுவலகத்தில் சொன்னேன். "எங்க சிஸ்டம்ல நல்லாத்தானேங்க தெரியுது?" என்று கிளார்க் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அவனுக்குத் தெரிய வேண்டாம் சார், கேட்கணும் என்றேன். "அப்போ பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டுத் தர்றோம்." பார்வையே இல்லாத பையனுக்கு! அப்புறம் அதையே ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். இன்னும் மோசம், படமாகிவிட்டால் என்விடிஏ வாசிக்க அதில் எழுத்தே இருக்காது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

வாயால் கேட்டு அலையாதீர்கள், எழுதிக் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 16-ஆம் பிரிவு: பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்குப் பொருத்தமான தொடர்பு முறையில் கற்பிக்க வேண்டும். அதைக் குறிப்பிட்டு, நோட்ஸை யூனிகோடில் தரச் சொல்லித் தலைமையாசிரியருக்கு மனு எழுதினேன். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரும் கூட வந்தார். சட்டத்தைவிட அவர் யோசனைதான் வேலை செய்தது: தலைமையாசிரியர் மேசையிலேயே லேப்டாப்பை வைத்து நோட்ஸை ஓடவிட்டார். அந்த உளறலை அரை நிமிடம் கேட்டவர், மனுவைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

பழைய நோட்ஸுக்கு வேர்டு கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். பாமினியை யூனிகோடாக்கும் இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கும். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக்கிக் குதறிவிடும், பிரித்து ஒட்டித்தான் மாற்றணும். ஸ்கேன் மட்டுமே இருந்தால் கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். அச்செழுத்து ஓரளவு தேறும், கையெழுத்தை நம்பாதீர்கள்.

இப்போது தமிழ் டீச்சர் போனிலேயே யூனிகோடில் தட்டி நேராகக் குழுவில் போடுகிறார். கணக்கு சார் மட்டும் இன்னும் கரும்பலகையைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். அடுத்த மனு அவருக்குத்தான்.