கேட்காமல் எடுத்த ஒரு வாரம்
2012 ஜனவரியில் ஒரு வாரம், ஓர் ஆய்வுக்காக 6,89,003 பேரின் முகநூல் பக்கத்தில் அவர்களுக்குத் தெரியாமலே முகநூல் நிறுவனமே கைவைத்தது. சிலருக்கு நண்பர்களின் மகிழ்ச்சியான பதிவுகள் குறைக்கப்பட்டன, சிலருக்குச் சோகமானவை. மகிழ்ச்சியைக் குறைவாகப் பார்த்தவர்கள், தாங்களும் சற்றே சோர்ந்த சொற்களை எழுதினார்கள். ஆயிரம் சொல்லுக்கு ஒரு சொல் என்ற அளவில்தான் மாற்றம். இத்தனை லட்சம் பேரை எண்ணியிராவிட்டால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. 2014இல் ஆய்வுக் கட்டுரை வெளியானபோதுதான் விஷயம் வெடித்தது.

ஒரு மனத்தின் வாட்டம் முகம் பார்க்காமலே இன்னொரு மனத்தைத் தொற்றுகிறது என்று தரவு காட்டியது பெரிய விஷயம், அதை மதிக்கிறேன். ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. தோழிக்குக் குழந்தை பிறந்த செய்தி, அந்த வாரம் யாரோ ஒருத்தியின் திரைக்கு வராமலே போயிருக்கலாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?