வேனுக்குப் பதில் சொல்லாத காப்புறுதி

கடந்த மார்கழி மாதத்தில் ஓர் இரவு, கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் மச்சானின் வேன், களுவாஞ்சிக்குடிக்கு அண்மையில் வீதியில் படுத்திருந்த மாடொன்றில் மோதியது. மாரியில் வயல்களில் நீர் நிற்க, காய்ந்த இடம் தேடி மாடுகள் தார்வீதிக்கு வந்து படுப்பதை எங்கள் பகுதியில் அறியாதவர் இல்லை. பம்பர் உடைந்து, ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தபோது அவர் தொலைபேசியில் சொன்னது: "இன்சூரன்ஸ் இருக்குத்தானே மச்சான், பிரச்சினை இல்ல."

அவரிடம் இருந்ததோ மூன்றாம் தரப்புக் காப்புறுதி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் வைத்திருக்கும் எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருப்பது அதை மட்டுமே. புகைப் பரிசோதனைச் சான்றிதழுடன் அதையும் காட்டினால்தான் பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும் என்பதால், பலரும் அதை அலுவலகத்துக்கான ஒரு கடதாசியாகவே எண்ணிவிடுகிறார்கள். நம் வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பை ஏற்பதே அதன் பிரதான வேலை. பிழை சாரதியுடையது என்று முடிவாகியிருந்தால், மாட்டுக்காரர் கேட்கும் நட்டஈட்டுக்கு அது ஒப்பந்தத்தில் குறித்த எல்லைவரை பதில் சொல்லியிருக்கலாம்; வேனின் ரேடியேட்டருக்கு அது ஒருபோதும் பதில் சொல்லாது. முழுச் செலவும் மச்சானின் கையிலிருந்தே போனது.

அப்படியானால் நம் வாகனத்தின் சேதத்துக்கும் ஈடு தரும் முழுக் காப்புறுதி எடுத்தால் போதுமா என்று கேட்டால், எவ்வளவு பெறுமதிக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வாகனங்களின் விலை வெகுவாக ஏறியது. ஆனால் பலர் பழைய பெறுமதியையே வருடாவருடம் புதுப்பித்து வந்தார்கள். சந்தையில் 60 இலட்சம் ரூபாய் பெறும் வாகனத்தை 30 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்து, விபத்தில் 2 இலட்சம் செலவு வந்தால், பெறுமதியில் எத்தனை பங்குக்குக் காப்புறுதி செய்தோமோ செலவிலும் அத்தனை பங்கையே தரும் விகிதாசார நிபந்தனையின்படி நிறுவனம் 1 இலட்சத்தோடு நின்றுவிடக்கூடும். கட்டுப்பணத்தில் மிச்சம் பிடித்ததாக நினைத்தவர்கள் இதைக் கராஜில் நின்றுதான் அறிகிறார்கள். லீசிங்கில் எடுத்த வாகனமென்றால் நிதி நிறுவனமே முழுக் காப்புறுதியைக் கேட்கும், ஆயினும் பெறுமதியைச் சரிபார்ப்பது நம் பொறுப்பு.

வெள்ளமும் அப்படித்தான். 2011 ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் எப்படி மூழ்கின என்பதைக் கண்ட நாம், இயற்கை அனர்த்தம் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கையொப்பமிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இந்த முறை புதுப்பிக்கும் நாளில் மச்சானோடு நானும் போயிருந்தேன். ஆங்கிலத்தில் சிற்றெழுத்தில் அச்சிட்டிருந்த பக்கங்களை முகவரின் மேசையில் விரித்து, பெறுமதி, வெள்ளம், சாரதியின் அனுமதிப்பத்திரம் பற்றிய நிபந்தனை ஆகிய மூன்றையும் தமிழில் சொல்லும்படி முகவரிடம் கேட்டு, விளங்கிய பிறகே மச்சான் கையொப்பமிட்டார்.